முதல் பக்கத்தில் இல்லாத தேதி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் படத்துக்குக் கீழே வலப்பக்கம் ‘மறைவு’ என்று போட்டுத் தேதி இருக்கிறது. இடப்பக்கம் ‘தோற்றம்’ என்று மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அச்சகத்தார் மறந்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்ல வேண்டாம். பாவம், அவர் மூன்று முறை ஆள் அனுப்பிக் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்று நானும் அண்ணனும்தான் சொல்லிவிட்டோம். ஏன் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

வீட்டில் நாங்கள் அவரை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். நினைவு மலரில் அது நன்றாக இருக்காது என்று வேப்பம்பட்டு மாமா அபிப்பிராயப்பட்டதால் ‘அப்பா’ என்று எழுதுகிறேன். பேச்சு வரும் இடத்தில் நைனா வந்துவிடுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது வெள்ளானூரைத் தாண்டி இருந்த ஒரு சிறு குடியிருப்பில். அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவர்கள். ஐந்து பிள்ளைகளில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தது அப்பா ஒருவர்தான். பத்தாவது தேறி, அம்பத்தூரில் ஃபிட்டர் தொழில் படித்து, ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சில வருடங்களில் அவரை ஆய்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் கடைந்து அனுப்பும் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, சரி என்றால் முத்திரை குத்துவது, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது அவர் வேலை.

அதற்கு அவர்களிடம் ஒரு கேஜ் இருக்கும். இரண்டு முனை உள்ள ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. இரண்டும் போனாலும் தப்பு, இரண்டும் போகாவிட்டாலும் தப்பு. நாள் முழுதும் அதையே பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தாலும் அப்பாவுக்கு அந்தப் பேச்சுத்தான். அண்ணன் காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடப் பார்த்தால், நெற்றியைத் தொட்டுவிட்டு “போவாது” என்பார். அவ்வளவுதான், அண்ணன் பையைத் தூக்க வேண்டியதுதான். பண்டிகைக்கு முன்னால் ‘இந்த ஒரு லாட்டை மட்டும் விட்டுடு அண்ணாத்தே’ என்று கெஞ்சிக்கொண்டு வந்த கூட்டாளிகள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னார். அது எனக்காகச் சொன்ன பொய்.

அம்மா அப்போது பூந்தமல்லியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு மருத்துவமனையில் செவிலியர். அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்களைப் பார்த்துக்கொள்ள யாரும் கிடையாது. அண்ணனுக்கு ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய வருடம் அது. எனக்கு நான்குகூட நிரம்பவில்லை. அண்ணனை மட்டும் சேர்த்துவிட்டால் என்னை எங்கே விடுவது? அப்பா இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

வயதுக்குச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் அந்தப் பள்ளியில் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். அண்ணன் தொட்டான். நான் கொஞ்சம் உயரமான பிள்ளை என்றாலும் எனக்கு ஒரு விரற்கடை குறைந்தது. தலையைக் கைப்பக்கம் நன்றாகச் சாய்த்துத் தொட்டுவிட்டேன். தலைமை ஆசிரியர் பார்த்துச் சிரித்துவிட்டு, “பிறந்த தேதி சொல்லுப்பா” என்றார். அப்பாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. சிறு வயதில் தனக்கு என்ன தேதி போட்டார்கள் என்பது ஞாபகம் வந்தது. “ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கோங்க சார்” என்றார். ஐந்து வயதுக்கு எந்த வருடம் வேண்டுமோ அந்த வருடத்தைத் தலைமை ஆசிரியரே போட்டுக்கொண்டார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் பிறந்தது ஏப்ரல் பன்னிரண்டு. பள்ளிப் பதிவேட்டின்படி நான் பிறந்தது அதே வருடம் ஜூன் ஒன்று. ஒரே தாய்க்கு ஐம்பது நாள் இடைவெளியில் இரண்டு பிள்ளைகள். பத்து வருடம் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தோம். ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

எனக்குப் பத்து வயதாகும்போது அம்மா மேற்கு ஜெர்மனிக்குப் போனார். அந்தக் கன்னியாஸ்திரீகளின் தாய்மடம் அங்கே ஒரு முதியோர் இல்லம் வைத்திருந்தது. இரண்டு வருடம் என்று சொல்லிப் போன அம்மாவை அவர்கள் விடவில்லை. வேலை நிலையானது. பிறகு கணவனையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்றார்கள்.

அதுவரை நான்கு வருடம் எங்களுக்கு அப்பாதான் அம்மா. விடிந்தால் மாவு கரைத்து ஊற்றி, எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு, மதியச் சோறு கட்டி வைத்துவிட்டு சைக்கிளில் ஷிப்டுக்கு ஓடுவார். பின்னலுக்கு வகிடு எடுக்கும்போது பின்னால் இரண்டு அடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கோணலாக இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அந்த வகிட்டுக்காக நான் எத்தனை நாள் பிரேயருக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன் என்பதற்கு அண்ணன் சாட்சி.

குவார்ட்டர்ஸில் கிண்டலுக்குக் குறைவில்லை. “இன்னா அண்ணாத்தே, பொண்டாட்டி ஊட்டுக்கு எப்ப கிளம்பப் போற? அங்க போயும் நீதான் மாவு ஆட்டணுமா?” என்று தண்ணீர்க் குழாயடியிலேயே கேட்பார்கள். அப்பா கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. “ஆட்டத் தெரிஞ்சவன் ஆட்றேன். நீ வந்து ஒரு நாள் ஆட்டிப் பாரேன்” என்பார். மனைவி சம்பாதிக்கும் ஊருக்குக் கணவன் ஒட்டிக்கொண்டு போகிறான் என்று உறவிலும் சிலர் பேசினார்கள். அவர்களில் இப்போது இந்த மலரை வாங்கியிருப்பவர்கள் உண்டு. அப்பா யாரையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, அதனால் நானும் பெயர் சொல்லவில்லை.

தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிப்பது என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. அம்மா மேற்கு ஜெர்மனிக்குப் போனார், நாங்கள் விண்ணப்பிக்கும்போது இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகி மேற்கு என்ற சொல்லே போய்விட்டது, பழைய படிவங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. நான்கு பேர் தங்குவதற்கு இத்தனை சதுர மீட்டர் வீடு இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அம்மா வீட்டை டேப் வைத்து அளந்து, நீல நிற ஏர்மெயில் கடிதத்தில் படம் வரைந்து அனுப்பினார். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அரை மீட்டர் உதைக்கிறது, கதவுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை அளந்தாயா என்று பதில் எழுதினார். காதலிக்கும் வயதில்கூட அவர்கள் இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று இருந்தது. பிள்ளைகள் பதினாறு வயது முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். அண்ணனுக்கு அடுத்த ஏப்ரலில் பதினாறு.

படிவங்களைத் தட்டச்சு செய்யக் கரையான்சாவடியில் ஒரு கடைக்கு அப்பா எங்களைக் கூட்டிப்போனார். பாஸ்போர்ட் விண்ணப்பமும் வெளிநாட்டு விண்ணப்பமும் அடித்துக் கொடுக்கும் கடை அது. தட்டச்சுக்காரர் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“அண்ணாத்தே, இன்னா இது? பையனுக்கும் பொண்ணுக்கும் நடுவுல அம்பது நாளுதான் கீது.”

அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“ஸ்கூல்ல போட்ட தேதியா? வுடு, எல்லா ஊட்லயும் நடக்கறதுதான். ஒண்ணு பண்லாம். ட்வின்ஸுன்னு போட்டுர்லாம். பொண்ணு தேதிய பையன் தேதிக்கே மாத்தி ஒரு சர்டிபிகேட் ரெடி பண்ணித் தர்றேன். ரெண்டும் ஒரே க்ளாஸ்தான படிக்குது? யாருக்குத் தெரியப் போவுது?”

என்னைக் கேட்டால், அது நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. இரட்டைப் பிள்ளை என்றால் பெருமைதானே என்றுகூட நினைத்தேன். அப்பா பாஸ்போர்ட்டுகளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “போவாதுபா” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: “இந்தத் தப்பு எனுக்கு இன்னிக்குத் தெரிஞ்சது இல்ல. பாஸ்போர்ட்டு ஃபாரம் எழுதறப்பவே கண்ல பட்டுச்சு. பட்டும் எழுதிட்டேன். ஸ்கூல்ல இருக்கறதத்தான எழுதறோம்னு சமாதானம் பண்ணிகினேன். நானே முத்திரை குத்தி அனுப்பிட்டேன்.” அப்படி அவர் தலையைக் குனிந்து நான் முன்னால் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் பிறப்பை எங்கேயும் பதிவு செய்திருக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல். நான் பிறந்தது வேப்பம்பட்டில் மாமா வீட்டில். மாமா பதிந்திருப்பார் என்று அப்பா இருந்துவிட்டார். தகப்பன்தானே பதிவான் என்று மாமா இருந்துவிட்டார். ஜூலை ஒன்பது, அண்ணனுக்கு அடுத்த வருடம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுடன் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் அண்ணனும் நின்றோம். அம்மா என்ன சொன்னார் என்பதை அப்பா வெளியே வந்து சொன்னார்: “உண்மையச் சொல்லிடுங்க, ஆனா பொண்ண மட்டும் வுட்டுட்டு வராதீங்கன்னு சொல்றா உங்கம்மா.”

தூதரகத்தில் நேர்காணலுக்கு எங்கள் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மா. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கல்யாணம் எங்கே நடந்தது, அம்மா என்ன வேலை, பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். தேதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதங்களை அடுக்கி ஓரத்தைத் தட்டிச் சரிசெய்யவும் ஆரம்பித்துவிட்டார். அண்ணன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். தப்பித்துவிட்டோம் என்று அர்த்தம்.

அப்போது அப்பா எழுந்து நின்றார். “அம்மா, ஐயாகிட்ட ஒண்ணு சொல்லணும். என் பொண்ணோட பாஸ்போர்ட்டுல கீற தேதி தப்பு. தப்பா சொன்னவன் நான்தான்” என்றார்.

மொழிபெயர்க்கும் அம்மா திகைத்துவிட்டார். குரலைத் தாழ்த்தி, “சார், அவர் கேட்கவே இல்லையே. இதை அப்படியே சொல்லட்டுமா?” என்றார்.

“அப்டியே சொல்லுங்கம்மா.”

சொன்னார். அதிகாரி எல்லாக் காகிதத்தையும் மறுபடி பிரித்தார். இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, பள்ளியில் எப்படி இதை ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்டார். அதை வாயால் விளக்க அப்பாவுக்கு வரவில்லை. என்னைப் பார்த்து, “காதத் தொட்டுக் காட்டும்மா” என்றார்.

பதினான்கு வயதுப் பெண், தாவணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, தூதரகத்தில் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய்க் காதைத் தொட்டேன். வெட்கத்தில் பழைய பழக்கத்துக்குத் தலையும் சாய்ந்துவிட்டது. மொழிபெயர்க்கும் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, நம் ஊரில் இப்படித்தான் வயது பார்ப்பார்கள், தன்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள் என்று அதிகாரிக்குச் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. அதிகாரி தன் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பார்த்தார். சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் வெடித்துவிட்டான். “அவங்க கேக்கவே இல்லியே நைனா! நீயா ஏன் சொன்ன?”

அப்பா அவன் தோளில் கையைப் போட்டார். “இன்னிக்குப் பார்க்கல. நாளைக்கு அந்த ஊர்ல எவனாச்சும் பார்த்துட்டு, இது உங்கம்மாவுக்குப் பொறந்த பொண்ணே இல்லன்னு சொல்லிட்டா? அப்போ உங்கம்மா யாருகிட்ட போயி நிப்பா? உன் தங்கச்சி எங்க போவா?” என்றார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. அண்ணனுக்கு அனுமதி. அப்பாவுக்கு அனுமதி. என் விண்ணப்பம் மட்டும், பிறந்த தேதிக்குச் செல்லத்தக்க சான்று வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் குத்திய விசாவுக்கு மூன்று மாதம் கெடு.

அந்த வாரம் வேப்பம்பட்டு மாமா வந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். “மச்சான், நீயும் பையனும் போயிட்டு வாங்க. பாப்பா என் ஊட்ல இருக்கட்டும். எம் பொண்ணுங்களோட ஒண்ணா வளரட்டும். பேப்பரு வந்ததும் நானே ஏத்தி வுடறேன்.”

“அவ தேதியத் தப்பாப் போட்டது நான். அத்த சரி பண்ணிட்டு அவகூட வர்றேன். பையன் மொதல்ல போவட்டும்” என்றார் அப்பா.

நான் மட்டும் போக மாட்டேன் என்று அண்ணன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். மூன்றாம் நாள் அப்பா அவனுக்குத் தட்டைப் போட்டுவிட்டு, “உங்கம்மா நாலு வருசமா தனியாக் கீறா. நீ போனா ரெண்டு பேரு. இங்கயும் ரெண்டு பேரு. கணக்கு சரியாத்தான கீது, சாப்டு” என்றார். அண்ணன் சாப்பிட்டான். பதினாறு முடிய மூன்று வாரம் இருக்கும்போது விமானம் ஏறினான். அவனுக்கு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்ததும், விமான நிலைய வாசல் வரை சிரித்துக்கொண்டே வந்ததும், அவன் உள்ளே போனதும் ஒரு தூணுக்குப் பின்னால் போய் அப்பா நின்றதும் எனக்கு அப்படியே கண்ணில் இருக்கிறது.

தன் விசா கெடு முடிந்த நாளன்று அப்பா சேமியா பாயசம் வைத்தார். ஏன் நைனா என்று கேட்டேன். “இனிமே நான் போவப் போறேனா இல்லியான்னு யாரும் கேக்க மாட்டாங்க பாரு” என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாவும் அண்ணனும் ஓர் ஊரில், அப்பாவும் நானும் ஓர் ஊரில். எல்லாம் என்னால் என்றுதான் எனக்கு அப்போது தோன்றும். ஒரு நாள் அதைச் சொல்லியும் விட்டேன். அப்பா என் வகிட்டை எடுத்துக்கொண்டிருந்தவர் சீப்பை நிறுத்திவிட்டு, “அளந்தவன் தப்பா அளந்தா, இரும்பு இன்னாம்மா பண்ணும்?” என்றார்.

பூந்தமல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். என் பிறப்பை உண்மையான தேதியில் பதிவு செய்ய உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு வந்தால் பள்ளிச் சான்றிதழைத் திருத்தலாம். அதை வைத்து பாஸ்போர்ட்டைத் திருத்தலாம். அதற்குப் பிறகுதான் தூதரகம். வாய்தா மேல் வாய்தாவாக ஒரு வருடம் ஓடியது. அப்பா தொழிற்சாலையில் பர்மிஷன் போட்டு அம்பத்தூர், பூந்தமல்லி என்று பஸ் மாறி மாறி அலைந்தார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் ஏதாவது வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அப்போதுதான் தொழிற்சாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் இருந்த அப்பாவின் நண்பர் ஒரு வழி சொன்னார். “நீ ஒரு நாளும் லீவு போடாத ஆளு. பொண்ணு பொறந்தன்னிக்காவது போட்டியா?” அப்பா போட்டிருந்தார். பழைய கட்டுகள் அடைந்து கிடந்த அறையில் அந்த நண்பர் பதினைந்து நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தேடி, அதை எடுத்துவிட்டார். பழுப்பேறிய அரைத்தாள். அப்பாவின் கையெழுத்தில் நான்கு வரி. ‘இன்று காலை எனக்குப் பெண் குழந்தை பிறந்துள்ளபடியால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கீழே தேதி, ஜூலை ஒன்பது, சரியான வருடம். மேலே அதிகாரியின் கையொப்பம். அந்தக் காகிதத்தைப் பார்த்து அப்பா ஒரு குழந்தை மாதிரிச் சிரித்தார்.

சாட்சிக் கூண்டில் அப்பா ஏறிய நாளில் நானும் இருந்தேன். வக்கீல் முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். பெயர், வேலை எல்லாம் ஆனது. நீதித்துறை நடுவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “உங்க பிறந்த தேதி?”

அப்பா வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் கண்ணைக் காட்டினார். பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொன்னால் முடிந்தது.

“தெரியாதுங்கய்யா” என்றார் அப்பா. “காகிதத்துல ஜூன் ஒண்ணுன்னு கீது. அது வாத்தியார் போட்டது. எங்க அம்மாவக் கேட்டா அறுப்பு நேரம்னு சொல்லும். எந்த அறுப்புன்னு அதுக்கும் ஞாபகம் இல்ல. சத்தியம் பண்ணிட்டு நிக்கறேன், தெரியாதத தெரியும்னு எப்டி சொல்றது?”

வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். தன் பிறந்த தேதியே தெரியாதவர் மகளின் தேதியை எப்படி உறுதியாகச் சொல்கிறார் என்று கேட்டால் என்ன செய்வது? நடுவர் அதையேதான் கேட்டார்.

“நான் பொறந்தப்ப எழுதி வைக்க எங்க ஊட்ல எழுதத் தெரிஞ்சவங்க யாரும் இல்லீங்கய்யா. இவ பொறந்தப்ப நான் இருந்தேன். எழுதிக் குடுத்துட்டுத்தான் பார்க்கப் போனேன்.”

நடுவர் அந்த அரைத்தாளைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்க. அதனால தெரிஞ்சதாச் சொல்றதை நான் நம்பறேன்” என்றார். அடுத்த வாய்தாவில் உத்தரவு வந்தது. வக்கீல் வெளியே வந்து அப்பாவிடம் கைகுலுக்கினார், திட்டவும் செய்தார்.

திருத்திய சான்றிதழ், திருத்திய பாஸ்போர்ட், மறுபடி விண்ணப்பம். இந்த முறை கரையான்சாவடித் தட்டச்சுக்காரர் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தார். எனக்கும் அப்பாவுக்கும் அனுமதி வந்தபோது எனக்குப் பதினாறு முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பழைய தேதியே இருந்திருந்தால் கெடு ஒரு வருடத்துக்கு முன்பே முடிந்திருக்கும்.

விமான நிலையத்தில் அம்மாவைப் பார்த்ததும் நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். ஆறு வருடம். அம்மாவின் தோள் உயரத்தில் இருந்தவள் அம்மாவைவிட உயரமாக நின்றேன். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கட்டிக்கொள்ளவும் தெரியாமல் விலகவும் தெரியாமல் நின்றார்கள். “இளைச்சுட்டீங்க” என்றார் அம்மா. “நீதான் அரை மீட்டரு குறைச்ச” என்றார் அப்பா. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து, கதவுக்குப் பின்னால் இருந்த இடத்தை அளந்தார். சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் காபி குடித்தார்.

அங்கே அப்பா ஐந்து வருடம் இருந்தார். கதவுப் பூட்டு செய்யும் ஒரு சிறு பட்டறையில், பூட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்தது. மொழி கடைசி வரை சரியாக வரவில்லை. ‘போகும்’, ‘போகாது’ என்ற இரண்டு சொல்லைக் கற்றுக்கொண்டு வேலையை ஓட்டிவிட்டார் என்று அண்ணன் கேலி செய்வான். ஒவ்வொரு ஜூலை ஒன்பதாம் தேதியும் விடுப்பு எடுத்துக்கொள்வார். அன்று காலை எனக்கு வகிடு எடுக்க வருவார். வளர்ந்த பெண் என்று நான் ஓடினாலும் விடமாட்டார்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஆவடிக்கு வந்திருந்தோம். வெள்ளானூரில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டில் தச்சர் போட்ட ஜன்னலை ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அவரைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு நாடி பார்த்தார். எத்தனையோ பேரைப் பார்த்த கை அது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குச் சொல்லவில்லை.

இந்த ஒரு வருடமாக எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று வண்டி எடுத்து ஓட்டிய வெள்ளானூர்த் தெரு நண்பர்களுக்கு, காரியம் முடியும்வரை வீட்டை விட்டு நகராத வேப்பம்பட்டு மாமாவுக்கும் அத்தைக்கும், தோள் கொடுத்த குவார்ட்டர்ஸ் மாமாக்களுக்கு, அப்பாவுக்காக அந்த அறைக்குள் தூசி சாப்பிட்ட டைம் ஆபீஸ் பெரியவருக்கு. குழாயடியில் கிண்டல் செய்தவர்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள்தான் அன்று அவரைத் தூக்கிப் போனீர்கள். எங்கள் குடும்பம் இதை மறக்காது.

மருத்துவமனையில் இறப்புச் சான்றிதழுக்கு அப்பாவின் பிறந்த தேதியைக் கேட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். அரசாங்கத்துக்கு அரசாங்கம் வைத்திருந்த தேதியைக் கொடுத்துவிட்டோம். ஆனால் இந்த மலர் எங்களுடையது. கூண்டில் நின்று அவர் தெரியாது என்று சொன்னதை இங்கே தெரியும் என்று போட எங்களுக்குக் கை வரவில்லை.

என் பாஸ்போர்ட் இப்போது பக்கத்தில் இருக்கிறது. பிறந்த தேதி, ஜூலை ஒன்பது. அவரிடம் இல்லாததை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் நைனா.